அத்தியாயம் 8: அடங்கிய நோயா, அமுங்கிய நோயா?

“டாக்டர், இப்ப ஒண்ணுமே இல்ல. மாத்திரையை நிறுத்திடலாமா?”

ஸ்டீராய்டு தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. போன தடவை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவர், இந்தத் தடவை கதவைத் தானே திறந்துகொண்டு வருகிறார். தலை சீவ முடிகிறது, சோறு பிசைய முடிகிறது, குழாயைத் திறக்க அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதில்லை. நோய் போய்விட்டது என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு?

தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கும் எனக்கும் உண்மை தெரியாது. தினம் 20 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது தெரிவது மாத்திரையின் முகம். நோயின் முகம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பால் பொங்கி வரும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் சட்டென்று அடங்கும். அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்பது வேறு விஷயம். ஸ்டீராய்டு அந்தத் தண்ணீர். அடுப்பைத் தணிக்கும் வேலை மெத்தோட்ரெக்சேட், சல்ஃபசலாசின், லெஃப்லுனமைடு போன்ற அடிப்படை மருந்துகளுடையது. அவை வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பால் பொங்கி வழியாமல் இருக்கத்தான் ஸ்டீராய்டு.

இந்த அத்தியாயத்தில் முடக்குவாதத்தை, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸை, எடுத்துக்கொண்டு பேசுகிறேன். லூபஸ், குடல் அழற்சி, பாலிமயால்ஜியா ஆகியவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு இதுவே, அடையாளங்கள்தான் மாறும். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் அது அடங்கியதா என்பதை உடம்பு சொல்லாது, சிறுநீரில் போகும் புரதம்தான் சொல்லும்.

மாத்திரையின் முகத்தை நோயின் முகம் என்று நம்பும் இந்த ஏமாற்றம் ஸ்டீராய்டு பிறந்த அன்றே பிறந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மூட்டுநோய் மருத்துவர், 1929-ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்ததும் மூட்டுவலி தானாக விலகியது. கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கும் இப்படி நடப்பதைப் பார்த்தார். மாறாத நோய் என்று எல்லோரும் நினைத்திருந்தது அடங்கக்கூடியது என்றால், உடம்புக்குள் அடக்கும் பொருள் ஏதோ இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடினார். 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழவே சிரமப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய்வந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், உடன் உழைத்த கெண்டலுக்கும், தனியே ஆய்வு செய்த ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசியை நிறுத்தியதும் நோய் திரும்பி வருவதையும், தொடர்ந்து கொடுத்தால் முகம் ஊதி உடம்பு கெடுவதையும் ஹென்ச் குழுவினரே சீக்கிரம் பார்த்துவிட்டார்கள். இன்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதும் அதே இடத்தில்தான்.

எதை வைத்து அடங்கியது என்கிறோம்

முடக்குவாதத்துக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. டாக்டர் உங்கள் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் வலிப்பது ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. வீங்கியிருப்பதும் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடைசியாக, “நோய் உங்களை எவ்வளவு படுத்துகிறது, பத்துக்கு எத்தனை?” என்ற கேள்விக்கு உங்கள் பதில் 2 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். முன்பு இந்தக் கடைசி எண் 1 ஆக இருந்தது. முதுகுவலி, தூக்கமின்மை, மருமகளோடு மனஸ்தாபம் எல்லாமே அந்த எண்ணில் ஏறிக்கொள்வதால், 2022-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். நல்ல வேலை செய்தார்கள் என்பது என் எண்ணம்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

லேப் ரிப்போர்ட்டில் சிஆர்பி சில இடங்களில் லிட்டருக்கு இத்தனை என்றும், சில இடங்களில் டெசிலிட்டருக்கு இத்தனை என்றும் அச்சாகும். லிட்டருக்கு 10 என்பதும் டெசிலிட்டருக்கு 1 என்பதும் ஒன்றே. போன மாதம் ஒரு லேபில் 0.8, இந்த மாதம் வேறு லேபில் 8 என்று வந்ததைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முடிந்தால் ஒரே லேபுக்குப் போங்கள். பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி, காலில் புண் எது இருந்தாலும் சிஆர்பி ஏறும். அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான ஈஎஸ்ஆர் ரத்தசோகையிலும் ஏறும், வயதாக ஆகவும் ஏறும். டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களுக்கு சிஆர்பி எப்படியும் இறங்கிவிடும். அதை நம்பி நோய் அடங்கியது என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டும் அதை இறக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆர்ஏ ஃபேக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, “இன்னும் பாசிட்டிவ்னு வருதே” என்று கண் கலங்குகிறார்கள். நோயை அடையாளம் காண உதவும் பரிசோதனை அது. நோய் முழுக்க அடங்கிய பிறகும் பாசிட்டிவாகவே இருக்கலாம். திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

மூன்றாவது, பாதம். அந்த 28 கணக்கில் கணுக்காலும் கால் விரல்களும் இல்லை. கை சுத்தமாக இருந்து, காலையில் முதல் அடி வைக்கும்போது கூழாங்கல்லின் மேல் நடப்பதுபோல் முன்பாதம் வலித்தால் அதைச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

பூக்கார அம்மாவின் நோட்டு

அளவுகோல் டாக்டருடையது. மாதத்தில் ஒருநாள் பத்து நிமிடம் அவர் பார்ப்பதைவிட, மீதி நாட்களில் நீங்கள் பார்ப்பது முக்கியம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோயில் வாசலில் பூ விற்கும் ஓர் அம்மா.

விடியற்காலை நாலரைக்கு உதிரிப்பூ வந்துவிடும். ஆறரைக்குள் கட்டி முடிக்க வேண்டும். மல்லிகையை இரண்டிரண்டாகத் தலைமாற்றி வைத்து, வாழைநாரை விரலில் சுற்றி வளைத்துச் சுண்டி இறுக்குவார். அந்தச் சுண்டலில் வேலை செய்வது ஆள்காட்டி விரலின் அடிக்கணுவும் நடுக்கணுவும். முடக்குவாதம் ஆசையாகப் பிடிக்கும் இடங்களும் அவையே. “எப்படி இருக்கீங்கம்மா?” என்றால், “ரெண்டு முழம் சார்” என்பார். ஒரு மணி நேரத்தில் அவ்வளவுதான் கட்ட முடிந்தது என்று அர்த்தம். நோய் வருமுன் எட்டு முழம் கட்டிய கை அது.

ஸ்டீராய்டு கொடுத்ததும் பத்தே நாளில் எட்டு முழத்துக்கு வந்துவிட்டார். நானும் சேர்ந்து மகிழ்ந்தேன். பிறகு பேத்தியின் பழைய கணக்கு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன்: தேதி, எத்தனை மில்லிகிராம், எத்தனை முழம். நடுக் கட்டம் இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் மதிப்பில்லை. 20 மில்லிகிராமில் எட்டு முழமும் 5 மில்லிகிராமில் எட்டு முழமும் ஒன்றல்ல.

10-லிருந்து 7.5-க்கு இறக்கியபோது மூன்றாம் நாளே ஐந்து முழத்துக்கு விழுந்தது. “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்” என்று பேத்தி மூலம் போன் வந்தது. மூட்டு எதுவும் வீங்கவில்லை. பொறுத்திருக்கச் சொன்னேன். ஒன்பதாம் நாள் ஏழு, பன்னிரண்டாம் நாள் எட்டு.

5-லிருந்து 2.5-க்கு வந்தபோது நடந்தது வேறு. முதல் இரண்டு வாரம் எட்டு முழம், குறையே இல்லை. மூன்றாவது வாரம் ஏழு. அப்புறம் ஆறு. அப்புறம் நாலு. வலது கை ஆள்காட்டி விரல் கணு பளபளவென்று உப்பியிருந்தது, மோதிரம் கழலவில்லை. அந்தச் சரிவு நோயுடையது. ஸ்டீராய்டை 5-க்கு ஏற்றினோம், மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டினோம், மூன்று மாதம் கழித்து மறுபடி இறங்கினோம்.

உங்களுக்குப் பூக்கட்டத் தெரிய வேண்டியதில்லை. விடிந்ததும் தினம் செய்கிற ஒரு கைவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக் கோலத்தில் மாவு இழை அறுபடாமல் வருகிறதா, ரவிக்கை ஊக்கைத் தானே போட முடிகிறதா, ஈரத் துண்டைப் பிழிய முடிகிறதா, பைக்கின் கிளட்ச்சை அழுத்த முடிகிறதா. எழுந்ததிலிருந்து கை விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சாயங்காலம் எழுதாதீர்கள், சாயங்காலத்தில் எல்லா மூட்டும் நல்ல பிள்ளைதான்.

இறங்கும்போது வரும் வலிகள்

நம் உடம்பே தினமும் ஸ்டீராய்டு சுரக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை அது. பிரெட்னிசலோன் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு மேல் அதைவிடக் கூடுதலாக வந்துகொண்டிருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். அதனால்தான் மேலிருந்து 10 வரை வேகமாக இறங்கலாம். 10-லிருந்து 5-க்கு நிதானமாக இறங்க வேண்டும். 5-க்குக் கீழே ஆமை நடைதான். மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்பது பலருக்கு ஒத்துவரும் வேகம். 1 மில்லிகிராம் மாத்திரை கிடைக்காத ஊரில், ஒருநாள் 5, மறுநாள் 2.5 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து அந்த இடைவெளியைக் கடப்போம். எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

மில்லிகிராம் எண்ணை மருந்துக்கு மருந்து மாற்றிப் பார்க்காதீர்கள். மெதில்பிரெட்னிசலோன் 4, டெஃப்லாசகார்ட் 6, பிரெட்னிசலோன் 5 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலம். கடைக்காரர் “இதுவும் அதேதான்” என்று வேறொன்றைக் கொடுத்தால் வாங்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

இனி வலிகள். அளவைக் குறைத்த இரண்டு மூன்று நாளில், தசையெல்லாம் ஓங்கி அடித்தது போலவும், மனசு சோர்ந்தும், சின்ன விஷயத்துக்கு அழுகை வருவது போலவும் இருந்தால், பெரும்பாலும் ஸ்டீராய்டு விலகலின் வலி அது. இடம் சொல்லத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்றால் எல்லா இடத்தையும் காட்டுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தேயும். நோய் திரும்பும் வலி இப்படி இருக்காது. வழக்கமாக மெல்ல வரும், பழைய இடத்துக்கே வரும், இரண்டு கையிலும் வரும், வீக்கத்தோடு வரும், காலை விறைப்பு அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி என்று நீளும். பொறுத்திருந்தால் தேயாது, ஏறும்.

எந்தப் பக்கம் என்று தெரியாத நாளில் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையில் இரண்டைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாதீர்கள். வீக்கம் வற்றிவிடும், அவருக்கும் ஒன்றும் தெரியாது. காலை ஆறு மணிக்கு இரண்டு கையையும் தலையணையில் வைத்து செல்போனில் படம் எடுங்கள். அது மாத்திரையைவிட உதவும்.

முடக்குவாதத்தோடு சம்பந்தமே இல்லாத வலிகளும் ஸ்டீராய்டின் மறைவிலிருந்து இப்போது வெளியே வரும். அறுபது வயது முழங்கால் தேய்மானம் மாடி ஏறினால் வலிக்கும், உட்கார்ந்தால் விடும். ஏற்கெனவே கோணிப்போன விரல், நோய் அடங்கினாலும் நிமிராது; அது ஆறிய தழும்பு. சிக்குன்குனியா மூட்டுகளை மாதக்கணக்கில் முடக்கிப் போட்டுவிட்டு, நோய் திரும்பியதாக நம்மைப் பயமுறுத்தும். காய்ச்சல் வந்து போனதா என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் தொடையிடுக்கில் ஒரு பக்கம் மட்டும், காலை ஊன்றும்போது வலித்தால் தள்ளிப் போடக் கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு இடுப்பு எலும்பின் பந்துமுனைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அதைச் சிதைப்பதுண்டு. எம்ஆர்ஐ எடுத்தால் சீக்கிரமே தெரியும்.

ஆரம்ப காலத்தில் நானும் இதில் சறுக்கியிருக்கிறேன். விலகல் வலியை நோய் என்று நினைத்து ஒருவருக்கு மூன்று முறை அளவை ஏற்றினேன். ஒரு வருடம் முடிந்தபோது தொடங்கிய இடத்திலேயே நின்றோம், கூடவே சர்க்கரையும் வந்திருந்தது.

சர்க்கரை என்றதும் ஒன்று. ஸ்டீராய்டு ஏறும்போது சர்க்கரை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது அதுவும் இறங்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 20 மில்லிகிராம் காலத்து இன்சுலின் அளவையே 7.5-லும் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வியர்த்துக் கொட்டி மயங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் சர்க்கரை டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

சுரப்பி விழித்ததா

எழுந்து நின்றால் கண் இருட்டுவது, பசியே இல்லாமல் இளைப்பது, காலையில் குமட்டல், காரணமில்லாத அசதி, இவை மூட்டு வீக்கம் இல்லாமல் வந்தால் அட்ரினல் இன்னும் தூங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலைக் காலை எட்டு மணிக்கு அளக்கும் பரிசோதனை இதற்கு உதவும். அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன், முந்தைய மாத்திரைக்கும் இதற்கும் 24 மணி நேரம் இடைவெளி விட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி விழித்துவிட்டது. 5-க்குக் கீழே என்றால் மாத்திரை தொடர வேண்டும். நடுவில் என்றால் கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்ப்போம். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் பணம் தண்டம்.

அளவு குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் கடுமையான காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், “ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தேன்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுவார்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள். பெயர், மருந்து, அளவு, தேதி எழுதிய ஓர் அட்டை பர்ஸில் ஆதார் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

மூட்டுவலிக்கென்று பொட்டலத்தில் பெயரில்லாத பொடியோ உருண்டையோ வாங்கிச் சாப்பிட்டவர்கள், அதை மறைக்காதீர்கள். “ரெண்டே நாள்ல கேட்டுச்சு” என்று பெயர் வாங்கிய சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினாலும் மேலே சொன்ன எல்லாம் நடக்கும். திட்டுவார்களோ என்ற பயத்தில் வாய் திறக்காதவர்கள்தான் இதில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

சைபருக்குப் பிறகு

ஸ்டீராய்டு சைபருக்கு வந்து, அடிப்படை மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்க, டாக்டரின் அளவுகோலிலும் உங்கள் நோட்டிலும் ஆறு மாதம் அசையாமல் நின்றால், நிம்மதியாக “நோய் அடங்கியிருக்கிறது” என்று சொல்லலாம். மருத்துவர்கள் ரெமிஷன் என்பது இதைத்தான். குணம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. அடுத்து வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைக்கலாமா என்று பேச்சு வரும். அவசரப்பட வேண்டாம், இறங்கும் வரிசையில் ஸ்டீராய்டு முதலில், அது கடைசியில். சுரப்பி முழு பலத்துக்கு வர ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதால், அதுவரை அட்டையை எடுத்தெறிய வேண்டாம்.

பூக்கார அம்மா போன மாதம் வந்திருந்தார். ஸ்டீராய்டு நிறுத்தி நான்கு மாதம். “இனிமே நோட்டு எதுக்கு சார்? பாப்பாவுக்குப் பரீட்சை வருது” என்றார். இன்னும் இரண்டு மாதம் எழுதச் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தேன். நடுக் கட்டத்தில் வரிசையாக சைபர். பக்கத்தில் எட்டு, எட்டு, ஏழு, எட்டு. அந்த ஏழு என்னவென்று கேட்டேன்.

“அன்னிக்குப் பூ கம்மியாத்தான் வந்துச்சு சார்.”